சீனத்துப் போரும் நம் தம்பிமாரும்



சந்தாபுராவில் நம் சங்கத்தார் எடுத்த பொங்கல் விழா இனிது நடந்தேறியது. கோலப் போட்டி, சிறுவர் நடனம், மெல்லிசை ஆகியவற்றைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. இத்திங்கள் நாம் எழுதப் புகுவது, அன்றிரவு எட்டு மணிக்கு மேல் நடைபெற்ற ஒரு நிகழ்ச்சியையும், அதனால் நம் சங்கத்தில் எழுந்திருக்கும் ஒரு வழக்கையும் பற்றியதாகும்.

பொம்மசந்திராவில் ஓர் ஆலையில் கடைசல் இயந்திரத்தில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் நம் உறுப்பினராவார். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமத்தவர். அவர் தனியொருவராக மேடையேறி, ஐம்பது நிமிட நேரம் ‘அபினிப் போர்’ என்னும் கதையை நடித்தும் சொல்லியும் காட்டினார். பக்கவாத்தியம் இல்லை, திரைச்சீலை இல்லை. ஆலையில் சாமான் வந்திறங்கிய ஒரு மரப்பெட்டி, ஒரு குடை, தோளில் ஒரு துண்டு ஆகிய இவையே அவருடைய நாடக சாமான்கள்.

நிர்வாக சபையில் அவர் அனுமதி கேட்டபோது எதிர்த்துப் பேசியவர்களுள் நாமும் ஒருவர் என்பதை மறைப்பதற்கில்லை. ‘பிழைக்க வந்த இடத்தில் சீனாக்காரன் கதையும் வெள்ளைக்காரன் கதையும் நமக்கு எதற்கு? திருவள்ளுவர் போதாதா?’ என்று நாம் கேட்டோம். காரியதரிசி அவர்கள்தாம், ‘மெல்லிசைக்காரர்கள் இளைப்பாறும் வேளை சும்மா கிடக்கிறது, பிள்ளை ஆசைப்படுகிறது’ என்று இடம் கொடுத்தார். இவ்வாறு இரண்டு கச்சேரிகளுக்கு நடுவே இடைச்செருகலாக வந்த நிகழ்ச்சியே, இன்று நம் தெருக்களில் எல்லோரும் பேசும் பேச்சாகிவிட்டது.

ஒருவரே நின்று பெருங்கதை சொல்வது நமக்குப் புதியதன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைச் சீமைகளில் திரௌபதை அம்மன் கோயில் விழா எடுக்கும்போது, இரவில் கூத்து நடக்கும். பகலிலோ பாரதப் பிரசங்கியார் ஒருவர் அமர்ந்து, பாண்டவர் கதையை நாள்தோறும் தொடர்ந்து விரித்துரைப்பார். அவரே தருமனாவார், அவரே சகுனியாவார். தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் வளர்த்த கதாகாலட்சேபமும் அவ்வழியினதே. கொத்தமங்கலம் சுப்பு அவர்கள் காந்தியடிகளின் வரலாற்றையே வில்லுப்பாட்டில் சொல்லி, புராணம் கேட்கும் செவிகளுக்குச் சரித்திரமும் இனிக்கும் என்று காட்டினார். நம் இளைஞரும் பாரதப் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவரே. அவருடைய குரலின் ஏற்ற இறக்கத்தில் அது தெரிந்தது.

அவர் சொன்ன கதையைச் சுருக்கமாகத் தருவோம். விழாவுக்கு வராதவர்கள் வழக்கின் நியாயத்தை அறிய இது வேண்டும்.

ஆங்கிலேயர் தேநீருக்கு அடிமைப்பட்டனர். அந்நாளில் தேயிலை சீனத்திலிருந்தே வரவேண்டும். சீனரோ அதற்கு விலையாக வெள்ளியையே கேட்டனர். ஆங்கிலேயர் கொண்டுவந்த சரக்குகள் அவர்களுக்கு அவ்வளவாக வேண்டியிருக்கவில்லை. வெள்ளி வெளியே போவதைத் தடுக்கக் கிழக்கிந்தியக் கும்பினியார் கண்ட சரக்கு அபினி. பீகாரிலும் காசிச் சீமையிலும் கும்பினியின் உரிமச்சீட்டுப் பெற்ற குடியானவர்கள் கசகசாச் செடி பயிரிட்டார்கள். முன்பணம் கொடுத்து, விளைந்த பால் முழுவதையும் கும்பினியார் தாம் வைத்த விலைக்கே எடுத்துக்கொண்டார்கள். பாட்னாவிலும் காசிப்பூரிலும் இருந்த தொழிற்சாலைகளில் அஃது உருண்டைகளாகப் பிடிக்கப்பட்டு, பெட்டிக்கு 40 உருண்டைகளாக அடைக்கப்பட்டுக் கல்கத்தாவில் ஏலம் போயிற்று. ஏலம் எடுத்த தனி வர்த்தகர்கள் அதைக் கப்பலேற்றிச் சீனக் கரையில் கள்ளத்தனமாக இறக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டுக்கு நாலாயிரம் பெட்டிகளைச் சுற்றியிருந்த இவ்வர்த்தகம், 1838ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதைப்போல் ஏறக்குறையப் பத்து மடங்காகப் பெருகியது.

சீனச் சக்கரவர்த்தி, லின் சேசூ என்னும் நேர்மையாளரைத் தனி ஆணையாளராக காண்டன் நகருக்கு அனுப்பினார். 1839ஆம் ஆண்டு மார்ச்சில் அவர் வந்து சேர்ந்தார். அயல்நாட்டு வர்த்தகர்களை அவர்தம் பண்டகசாலைகளிலேயே அடைத்துவைத்து, 20,000க்கு மேற்பட்ட அபினிப் பெட்டிகளைக் கைப்பற்றினார். ஜூன் மாதத்தில் ஹூமென் என்னுமிடத்தில் பெருங்குழிகள் வெட்டி, நீரும் உப்பும் சுண்ணாம்பும் இட்டுக் கரைத்து, மூன்று வார காலம் கடலில் கலக்கச் செய்தார். கடல்வாழ் உயிர்களுக்குத் தீங்கு நேருமே என்று கடல் தெய்வத்துக்கு முன்னதாக வழிபாடு செய்து பொறுத்தருள வேண்டினார். இவ்விடத்தில் நம் இளைஞர் குடையைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பி நின்ற நிலையைக் கண்டு, அதுவரை பேசிக்கொண்டிருந்த கூட்டம் அடங்கிற்று. விக்டோரியா அரசிக்கும் லின் ஒரு கடிதம் எழுதினார். அஃது அரசியின் கையைச் சேரவில்லை.

பிறகு போர் வந்தது. மரக்கலங்களை வைத்திருந்த சீனரின் ஆறுகளுக்குள் நெமிசிஸ் என்னும் இரும்பு நீராவிக் கப்பல் புகுந்தது. 1842ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஹாங்காங் தீவு ஆங்கிலேயருக்குப் போயிற்று. ஐந்து துறைமுகங்கள் திறக்கப்பட்டன. 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. அதில் 60 லட்சம், கரைக்கப்பட்ட அபினிக்கு விலை! நேர்மையாளரான லின், சக்கரவர்த்தியின் சினத்துக்கு ஆளாகி மேற்கெல்லையில் உள்ள ஈலிக்கு நாடு கடத்தப்பட்டார். ஹாங்காங் மீண்டும் சீனத்தைச் சேர 1997 வரை ஆயிற்று.

இதுவரை கேட்டவர்கள் அயலார் கதை என்றே கேட்டிருந்தனர். அதன் பின்னர் இளைஞர் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, ‘இனி என் கதை கேளுங்கள்; நான் சென்னைப் பட்டாளத்துச் சிப்பாய்’ என்றார். சபையில் பலர் நிமிர்ந்து உட்கார்ந்தனர்.

இஃது உண்மை வரலாறு. அப்போரில் சென்னை மாகாணத்துக் காலாட்படைகள் பல கடல்கடந்து சென்றன. 37ஆம் படை முதலில் போயிற்று. பின்னர் 2, 6, 14, 41ஆம் படைகள் போயின. சென்னைச் சாப்பர்களும் உடன் போயினர். இச்சென்னைப் படைகளில் தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் இருந்தனர். 1841ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், காண்டனுக்கு வெளியே சான்யுவான்லி என்னும் ஊரருகே 37ஆம் படையின் சுமார் 60 சிப்பாய்கள் கொண்ட ஓர் அணி, இடியும் மழையுமான வேளையில் மற்றவரிடமிருந்து பிரிந்துவிட்டது. அண்டையூர்க் குடியானவர்கள் ஆயிரக்கணக்கில் ஈட்டியும் மண்வெட்டியும் கொண்டு சூழ்ந்தனர். சிப்பாய்களுடையவை தீக்கல் துப்பாக்கிகள். மருந்து நனைந்து வெடிக்க மறுத்தன. சதுர வியூகம் வகுத்து, துப்பாக்கி முனைக் கத்தியை மட்டும் நீட்டியபடி இரவு வரை நின்றார்கள். மழையிலும் சுடவல்ல புதுவகைத் துப்பாக்கி ஏந்திய கடற்படை வீரர் வந்து அவர்களை மீட்டனர்.

குடியானவர் ஏன் திரண்டனர்? படையெடுத்து வந்தவர்கள் அவ்வூர்க் கல்லறைகளைத் திறந்தார்கள். வீடுகளில் புகுந்து கொள்ளையிட்டார்கள். பெண்டிரிடம் முறைகெட்டு நடந்தார்கள். சான்யுவான்லியில் இன்றும் நினைவுக்கூடம் இருக்கிறது. சீனத்துப் பள்ளிப்பிள்ளைகள் அவ்வூரின் பெயரை அறிவார்கள். நம் இளைஞர் மரப்பெட்டியின்மேல் ஏறி நின்று, ‘எதிரே நிற்பவனும் ஏர் பிடித்தவன், நானும் ஏர் பிடித்தவன். என் கூலி ஏழு கடலுக்கு அப்பாலிருந்து வருகிறது. இந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று எனக்கு எவனும் சொல்லவில்லையே!’ என்று முடித்துக் கும்பிட்டார்.

கைதட்டல் எழுவதற்கு முன்பே முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். அல்சூரில் சாப்பர் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது மகள் வீட்டில் சந்தாபுராவில் இருக்கிறார். 1780இல் சென்னைப் பயனியர்களாகத் தொடங்கிய அப்படை, இன்று சென்னைப் பொறியாளர் பிரிவு என்னும் பெயரில் நம் பெங்களூரில் இருப்பதையும், அதன் வீரர்களை நாடு முழுதும் ‘தம்பி’ என்றே அழைப்பதையும் அன்பர்கள் அறிவார்கள். சீனப் போருக்குப் பின், ‘சீனா’ என்னும் சொல்லையும் டிராகன் என்னும் சீனத்து நாகத்தின் உருவையும் விருதாகப் பெற்ற படைகளுள் அதுவும் ஒன்று. 1860இலும் 1900இலும் நடந்த சீனப் போர்களிலும் அது விருது பெற்றது.

பெரியவர் நடுங்கும் குரலில் கேட்டார்: ‘எங்கள் மூத்தோர் ரத்தம் சிந்திப் பெற்ற விருதை, நீ அபினி விற்றவனுடைய கூலி என்கிறாயா? இருபத்து நான்கு வருஷம் நான் உடுத்திய உடுப்பு அது, தம்பி!’

சபை திகைத்தது. இளைஞர் மேடையிலிருந்து இறங்கி வந்து, ‘தாத்தா, துப்பாக்கி நனைந்த பின்னும் வரிசை கலையாமல் நின்ற அறுபது பேரை நான் பழிக்கவில்லை. அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவன் எதற்காக நிறுத்தினான் என்றுதான் கேட்டேன்’ என்றார். பெரியவர் பதில் சொல்லாமல் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறிவிட்டார். மெல்லிசை மீண்டும் தொடங்கிற்று.

மறுநாளே சிலர் சங்கத்துக்கு ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்துவிட்டனர்: ‘இனி நம் மேடையில் சரித்திரம், அரசியல் சார்ந்த நிகழ்ச்சி எதற்கும் இடமில்லை.’ வரும் ஞாயிற்றுக்கிழமை நிர்வாக சபையில் அது வாக்கெடுப்புக்கு வருகிறது. அவ்விளைஞரோ, ‘இனி நான் மேடைப் பக்கமே வரமாட்டேன் அண்ணா’ என்று நம்மிடம் சொல்லிவிட்டார். ஆகவேதான் இதை எழுத நேர்ந்தது.

முதலில், இளைஞரிடத்தில் நாம் கண்ட குறைகளையும் சொல்லிவிட வேண்டும். அவர் நான்கிங் உடன்படிக்கையினால் அபினி சட்டபூர்வமாயிற்று என்றார், அது தவறு. அவ்வுடன்படிக்கை அபினி வர்த்தகத்தை அனுமதிக்கவுமில்லை, விலக்கவுமில்லை. இரண்டாம் போரின் நடுவே, 1858இல் செய்யப்பட்ட வரி ஏற்பாட்டில்தான் அது சட்டத்தின் நிழலைப் பெற்றது. ஆங்கிலேயர் அனைவரையும் ஒரே நிறமாகத் தீட்டியதும் பொருந்தாது. 1840ஆம் ஆண்டு ஏப்ரலில் லண்டன் பாராளுமன்றத்தில் அரசாங்கத்தைக் கண்டிக்கும் தீர்மானம் வெறும் 9 வாக்குகளில்தான் தோற்றது. இளைஞரான கிளாட்ஸ்டன் அப்போரின் அநீதியைக் கடுமையாகச் சாடினார். சீனத்திலும் கையூட்டு வாங்கிக்கொண்டு பெட்டிகளை இறக்கவிட்ட அதிகாரிகள் இருந்தனர். இந்தியரும் ஏமாந்தவர்கள் மட்டுமல்லர்; பம்பாயில் சர் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் போன்ற பெருவணிகர்கள் இவ்வர்த்தகத்தில் பெரும்பொருள் ஈட்டினர். அவர் அப்பொருளைக்கொண்டு மருத்துவமனை முதலிய தருமங்கள் செய்தார் என்பதும் உண்மை. இவற்றையும் கதையில் சேர்த்தால் அது மெலியாது, உறுதிப்படும்.

ஆயினும் அவர் கேட்ட கேள்வி தவறன்று. ரவீந்திரநாத் தாகூர் இருபது வயதில், 1881இலேயே, சீனத்தில் நடந்த இந்த மரண வியாபாரத்தைக் கண்டித்து வங்காளியில் கட்டுரை எழுதினார். அப்பொழுதே இந்தியர் ஒருவர் கேட்ட கேள்வியை இன்று சந்தாபுராவில் ஒருவர் கேட்கலாகாதா?

நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் குமாஸ்தாவாக இருப்பவர். ஹீலலிகே நிலையத்தில் ரயிலேறி வேலைக்குப் போய், நாள் முழுதும் சரக்கின் எடையையும் எண்ணையும் பதிவேட்டில் எழுதி வீடு திரும்புகிறவர். அன்றிரவு அந்த மரப்பெட்டியைப் பார்த்த கண்ணுக்கு, கல்கத்தா ஏலத்தில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவே தெரிந்தான். பெட்டி ஒன்றுக்கு உருண்டை 40, எடை இவ்வளவு, விலை இவ்வளவு என்று அவன் பிழையில்லாமல் எழுதியிருப்பான். கும்பினியார் தாமே அபினியைச் சீனத்துக்கு ஏற்றிச் செல்லவில்லை. ஏலத்தோடு கை கழுவிக்கொண்டனர். ஆகவே அந்தக் கணக்கில் ஒரு குற்றமும் காணமுடியாது. குற்றமற்ற கணக்குகள் பல சேர்ந்து ஒரு பெரும் பாவமாக முடிந்தன. சிப்பாயாவது இடியிலும் மழையிலும் உயிரைப் பணயம் வைத்தான். குமாஸ்தாவுக்கு அந்தத் துன்பமும் இல்லை.

நாம் அனைவரும் சொந்த ஊரை விட்டுக் கூலிக்காக வந்தவர்களே. சம்பளம் தருகிறவனிடம், ‘இந்த வேலை யாருக்கு, எதற்கு’ என்று கேட்கும் நிலையில் நம்மில் பெரும்பாலோர் இல்லை. வாடகை கட்ட வேண்டும். பிள்ளைக்குப் பள்ளிச் சம்பளம் கட்ட வேண்டும். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். 1841இல் கப்பலேறிய அந்தச் சிப்பாயும் இப்படித்தான் ஏறியிருப்பான். அவனைப் பழிப்பது நம்மையே பழிப்பதாகும். ஆனால் அவன் கேட்க முடியாத கேள்வியை அவன் வழியில் வந்த பிள்ளை மேடையில் கேட்டால், வாயைப் பொத்துவது முறையா?

பெட்டியின் கதை பழங்கதையுமன்று. பெயர் சொல்லாமல் ஒன்று குறிப்பிடுவோம். நம் குடும்பங்களில் ஒன்றில் பதினேழு வயதுப் பிள்ளை, பொட்டலத்தில் வரும் போதைப்பொருளுக்குப் பழகி, படிப்பையும் விட்டு, தாயின் தோட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். பொட்டலம் எங்கே கிடைக்கிறது என்று தெருவில் உள்ள பலருக்குத் தெரியும். ‘நமக்கேன் வம்பு’ என்று இருந்துவிட்டோம். அந்தத் தாய் அன்று கூட்டத்தில் இருந்தார். குழியில் அபினியைக் கரைத்த காட்சியில் அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டதை நம் வீட்டார் பார்த்து வந்து சொன்னார். நூறு எச்சரிக்கைப் பலகைகள் செய்யாததை அந்தக் காட்சி செய்தது.

‘வந்த இடத்தில் வம்பு வேண்டாம்’ என்னும் அச்சத்தையும் நாம் இகழவில்லை. நாமே அதைச் சொன்னவர்தாம். ஆனால் விழாவுக்கு வந்திருந்த நம் வீட்டுக்காரர், கன்னடத்தவர், மறுநாள் வாடகை வாங்க வந்தபோது கேட்ட முதற்கேள்வி, ‘அந்தப் பையன் இதைக் கன்னடத்திலும் சொல்வானா? எங்கள் ஹரிகதை போலவே இருந்தது’ என்பதே. நாம் அஞ்சிய இடத்தில் அவர் உறவு கண்டார்.

சென்ற வாரம் பெரியவரின் மகள் வீட்டுக்கு நாம் நேரில் சென்றோம். காபி கொடுத்து உபசரித்தபின் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு சொன்னார்: ‘பாலம் கட்டு என்றால் கட்டுவோம், பாதை வெட்டு என்றால் வெட்டுவோம். அதன்மேல் யார் போகிறார்கள் என்று கேட்பது எங்கள் வேலையில்லை. ஆனால் கேட்கிறவன் ஒருவன் எங்காவது இருக்கத்தான் வேண்டும். அந்தப் பையனை வரச் சொல்லுங்கள். சதுர வியூகத்தில் அவன் நின்ற நிலை தப்பு. தோளோடு தோள் ஒட்டி நிற்பவன் அப்படி நிற்கமாட்டான். நான் காட்டிக் கொடுக்கிறேன்.’

இதைவிட நல்ல தீர்ப்பை நம் நிர்வாக சபை எழுதிவிட முடியாது. ஆகவே வரும் ஞாயிறன்று நாம் அந்தத் தடைத் தீர்மானத்துக்கு எதிராகவே வாக்களிப்போம். முன்பு எதிர்த்த நாவினாலேயே, அடுத்த ஆண்டுப் பொங்கலில் இந்நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கும்படி கேட்போம். பிழைகளைத் திருத்திக்கொண்டு, பெரியவர் காட்டும்படி நிற்கக் கற்றுக்கொண்டு, இளைஞர் மீண்டும் மேடையேற வேண்டும். உறுப்பினர்கள் தத்தம் குடும்பத்தோடு கலந்து பேசி வாக்களிக்குமாறு வேண்டுகிறோம்.

இன்னும் ஒன்று. அந்த மரப்பெட்டி இப்பொழுது சங்க அறையில் ஒரு மூலையில் கிடக்கிறது. பழைய சாமானோடு சேர்த்து விற்றுவிடலாம் என்று ஒருவர் சொன்னதாகக் கேள்வி. அதை விற்க வேண்டாம் என்று காரியதரிசி அவர்களைக் கேட்டுக்கொண்டு, இத்திங்களுக்கு விடைபெறுகிறோம்.